அவனே முதலில் பேசட்டும்

இந்த ஆசாமியை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எல்லாத் தெருவிலும் ஒருவர் இருப்பார். சில தெருக்களில் வீட்டுக்கு ஒருவர். பார்த்தால் அடையாளமே தெரியாது. வேளைக்குச் சாப்பிடுவார், வேலைக்குப் போவார், வழி கேட்டால் பாதித் தூரம் கூடவே நடந்து வந்து காட்டிவிட்டுத் திரும்புவார். தங்கமான மனிதர். ஆனால் ஒரு நாள் எதிரில் உட்கார்ந்து, “என்ன, உங்க ஃபிரண்டைக் கொஞ்ச நாளா ஆளையே காணோம்?” என்று கேட்டுப் பாருங்கள். முகம் ஒரு தினுசாகும். கையில் எது இருந்தாலும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்புறம், யாரோ சாட்சி சொல்லக் கூப்பிட்டது மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்:

“எனக்கு அவன்மேல கோபமே கிடையாது. ஆனா பேச வேண்டியது அவன். அவனே முதல்ல பேசட்டும்.”

அவ்வளவுதான். இனம் தெரிந்துவிட்டது.

பெண்பாலிலும் இந்த இனம் உண்டு. ‘அவளே’ என்று மாற்றிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் ஒன்றுதான். இதைப் பற்றி நான் இவ்வளவு அதிகாரத்தோடு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் வெளியே நின்று ஆராய்ச்சி செய்தவன் அல்ல. உள்ளேயே குடியிருப்பவன்.

என் பிழைப்பு என்ன தெரியுமா? சிரிக்காமல் கேளுங்கள். பல் ஆஸ்பத்திரி ஒன்றின் முன் மேஜையில் உட்கார்ந்து, நாளைக்கு வர வேண்டியவர்களை இன்றைக்கே கூப்பிட்டு ஞாபகப்படுத்துவதுதான் என் வேலை. “வணக்கம், பல் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுறோம். நாளைக்கு உங்களுக்கு டாக்டரம்மா பார்க்கறதா இருக்கு, மறந்துடாதீங்க.” முன்பின் தெரியாதவர்கள், குளியலறையில் இருப்பவர்கள், தூக்கம் கலைந்து திட்டுகிறவர்கள், எல்லோரையும் நாள் முழுக்க நானேதான் முதலில் கூப்பிடுகிறேன். கொஞ்சமும் கௌரவம் பார்க்காமல் கூப்பிடுகிறேன். எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடுகிறேன். மாலையானால் வெளியே வந்து என் சொந்தப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த ஒருத்தன் கூப்பிட்டிருக்கிறானா என்று பார்க்கிறேன். அவனை மட்டும் நான் எப்படிக் கூப்பிட முடியும்? எனக்கென்று ஒரு மானம் மரியாதை இல்லையா?

அந்த ஒருத்தன், இரண்டு தெரு தள்ளி ஒற்றை நாற்காலி வைத்து சலூன் நடத்துகிறவன்.

அவன் எனக்கு நண்பனாகக் கிடைத்தது என் சாமர்த்தியத்தால் அல்ல. கரண்ட் போனதால். இந்தப் பக்கம் குடிவந்த புதிதில் ஒரு நாள் முடிவெட்டப் போனேன். அவன் மிஷினை வைத்து வலது பக்கத்தை முடித்து இடது பக்கத்துக்கு வந்தபோது கடை முழுக்க இருட்டு. கத்தரியால் முடித்துவிடுங்களேன் என்றேன். இருட்டில் கத்தரி எடுத்தால் காதுக்கு உத்தரவாதம் இல்லை என்றான். பாதித் தலையோடு மனிதன் எங்கே போவான்? உட்கார்ந்தேன். கழுத்தைச் சுற்றிய துணியோடு அங்கேயே உட்கார்ந்து, அவன் வாசலில் விசிறிக்கொண்டு நிற்க, வீட்டு வாடகையில் ஆரம்பித்து, மாமனாரில் புகுந்து, செத்துப்போன அவன் அண்ணன் வரை போய்விட்டோம். கரண்ட் வந்தபோது, “அதுக்குள்ள வந்துடுச்சா?” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அடுத்த மாதம் ‘ங்க’ போயிற்று. அதற்கடுத்த மாதம் ‘டா’ வந்தது.

அதோடு ஒரு வழக்கமும் வந்தது. ஊருக்கெல்லாம் முடிவெட்டுகிறவனால் தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது, பாருங்கள். முன்பக்கத்தைக் கண்ணாடி பார்த்து எப்படியோ ஒப்பேற்றிவிடுவான். பின்கழுத்துக்கு இன்னொரு கை வேண்டும். மாதா மாதம் என் தலையை முடித்ததும், வாசல் கதவைச் சாத்திவிட்டு, அவன் நாற்காலியில் உட்காருவான். நான் மிஷினைப் பிடிப்பேன். “மெதுவா. மேல ஏத்தாதே. டேய், அது காதுடா.” இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் நேராக வெட்டியதில்லை. கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பார்த்து ஒவ்வொரு மாதமும் அவன் சொல்வது ஒன்றுதான்: “கோணல். பரவாயில்லை, பின்னாடிதானே, எனக்கா தெரியப்போகுது?”

சரி, இப்படிப்பட்டவனிடம் என்ன சண்டை?

சொன்னால் வெட்கம். சொல்கிறேன். ஒரு சாயங்காலம் அடுத்து என் முறை. எழுந்து நாற்காலியில் கை வைத்துவிட்டேன். அப்போது ஒருவர் அவசரமாக உள்ளே வந்தார். போட்டோ எடுக்கப் போகவேண்டும், ஸ்டூடியோவை மூடிவிடுவான் என்றார். என் நண்பன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்:

“நீங்க உக்காருங்க சார். இவன் நம்ம ஆளுதான், வெயிட் பண்ணுவான்.”

நம்ம ஆளுதான்! வெயிட் பண்ணுவான்! அந்த இரண்டு வாக்கியமும் என் காதில் விழுந்து, உள்ளே போய், அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டன. நான் என்ன அவ்வளவு மட்டமா? நேற்று வந்தவன் ‘சார்’, நான் ‘இவனா’? “பரவாயில்லை, வேலை இருக்கு, இன்னொரு நாள் வர்றேன்” என்றேன். ‘எங்கேடா போறே, உக்காரு’ என்று அவன் என் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். அதுதானே முறை? அந்தப் பாவி, “சரிடா, பார்த்துப் போ” என்றான். நான் உண்மையிலேயே வேலையாகப் போகிறேன் என்று நம்பிவிட்டான். என் இனத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நாங்கள் சொன்னதை அப்படியே நம்புகிறவர்களை எங்களால் மன்னிக்கவே முடியாது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அனுஷ்டானம்.

முதல் காரியம், குளியலறை விசாரணை. தண்ணீர் விழும் சத்தத்தில் அவனை எதிரில் நிறுத்தி நான் கேள்வி கேட்பேன். அவன் பதில் சொல்லத் திணறுவான். அவனுடைய பதில்களையும் நானே சொல்வதால் அவன் திணறித்தான் ஆகவேண்டும். தினமும் ஜெயித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருவேன். இரண்டாவது, ஆன்லைன் காவல். அவன் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று வரும். பார்த்துக்கொண்டே இருப்பேன். போகும். மறுபடி வரும். ஆக, போன் கையில்தான் இருக்கிறது, விரலும் நன்றாகத்தான் இருக்கிறது, என்னிடம் மட்டும் பேசக் கூடாது! மூன்றாவது, ஸ்டேட்டஸ். ‘சிலருக்கு நம்முடைய அருமை நாம் இல்லாதபோதுதான் தெரியும்’ என்று ஒன்று எழுதிப் போட்டேன். அது அவன் ஒருவனுக்காகப் போட்டது. அவனைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள். மைத்துனன் பதறிப்போய்க் கூப்பிட்டு, “மச்சான், நான் அன்னிக்கு ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?” என்று கேட்டான். டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, வேலையை விடப்போகிறேனா என்று விசாரித்தார்.

நான்காவதுதான் உடம்புக்கும் நல்லது: நடை. அவன் கடை இருக்கும் தெருவில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் தினமும் சாயங்காலம் எதிர்ச்சாரியில், போனைக் காதில் வைத்துக்கொண்டு, ரொம்ப முக்கியமான விஷயத்தை யாரிடமோ பேசுகிற மாதிரி, “ஆமா, ஆமா, பார்த்துக்கலாம், நான் சொல்றேன்” என்று சொல்லிக்கொண்டே நடப்பேன். கடைப்பக்கம் திரும்பவே மாட்டேன். திரும்பினால் என்ன ஆவது? ஒரு நாள் நேர் எதிரே வரும்போது காதில் இருந்த போன் மணியடித்தது. மனைவி. “எங்க இருக்கீங்க?” என்றாள். “பேசிட்டிருக்கேன்” என்றேன். “யார்கிட்ட?” என்றாள். நல்ல கேள்வி.

இதற்கிடையில் முடி வளர்ந்தது. மனிதன் கோபத்தை எத்தனை நாள் வேண்டுமானாலும் வளர்க்கலாம். முடியை அப்படி விட முடியாது. அவனிடம் போக முடியாதே! கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த புதுக் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கே ஒரு இளைஞர், “என்ன ஸ்டைல் சார்?” என்று கேட்டார். திகைத்துப்போனேன். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. உட்காருவேன், பேசுவோம், எழுந்திருப்பேன், அதுதான் என் ஸ்டைல். “சாதாரணமா” என்றேன். ‘சாதாரணம்’ என்றால் அந்தக் கடையில் என்ன அர்த்தமோ, காதுக்கு மேலே நாலு விரல்கடை வரை மழித்து, உச்சியில் மட்டும் ஒரு கொத்தை நட்டமாக நிறுத்தி, எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று வேறு கேட்டார்கள்.

மறுநாள் டாக்டரம்மா என்னைப் பார்த்ததும், “ஐயையோ, தலையில அடி ஏதாவது பட்டுச்சா? தையல் போட்டாங்களா?” என்றார்.

வீட்டில் என் மனைவி என் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் சலூன்காரன் மனைவியும் ‘அக்கா’, ‘தங்கச்சி’ என்று தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குள் போர்நிறுத்தம்கூடத் தேவைப்படவில்லை.

“அண்ணன் எப்படி இருக்காராம்?” என்றேன், அவள் அவனைக் கூப்பிடுகிற முறையிலேயே, மின்விசிறியைப் பார்த்தபடி.

“யாரு, எந்த அண்ணன்?”

“சும்மாதான் கேட்டேன். எனக்கென்ன.”

“சும்மா கேக்கறவருக்கு நான் எதுக்குச் சொல்லணும்? போய் நீங்களே கேளுங்க.”

“நான் ஏன் போகணும்? அவனே முதல்ல...”

“தெரியும், தெரியும்.” அவள் குரலில் கேலி போய்விட்டது. “உங்க ரூம்மேட்டையும் இப்படித்தான் விட்டீங்க. நம்ம கல்யாணத்துல ஓடி ஓடி எல்லாத்தையும் பார்த்துக்கிட்டாரே, அவரு. என்ன சண்டைன்னு இப்பவாவது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?”

யோசித்துப் பார்த்தேன். இல்லை. சத்தியமாக இல்லை. ஒரு கோபம் இருந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவனே கூப்பிடட்டும் என்று ஒரு வாரம் இருந்தேன், வாரம் மாதமாயிற்று, அப்புறம் இவ்வளவு நாள் கழித்து எப்படிக் கூப்பிடுவது என்று கூச்சமாயிற்று, கூச்சம் பழகிப்போயிற்று. பல வருஷம் கழித்து ஒரு நாள் துணிந்து அந்த நம்பரைப் போட்டேன். ஒரு பெண் எடுத்து, அப்படி யாரும் இல்லையே என்றாள். நண்பன் கிடைக்கிற அன்று நமக்கு நன்றாகத் தெரிகிறது. அந்த நாளை, அந்த இடத்தை, விழுந்த மழையைக்கூடச் சொல்வோம். அவன் போகிற நாள் மட்டும் தெரிவதே இல்லை. கதவை யாரும் அறைந்து சாத்துவதில்லை. இருக்கிறான், இருக்கிறான் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு நாள் நம்பர் வேறு யாருடையதாகவோ ஆகியிருக்கிறது. சலூன்காரனும் அப்படிப் போய்விடுவானோ என்று அன்றிரவு எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

பயம் வந்தது. கூப்பிட்டேனா? நல்ல கதை.

நான்கைந்து நாள் கழித்து வேலையில், மறுநாள் வருகிறவர்களை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். அடுத்த பெயர் அவனுடையது. கடைவாய்ப் பல், கடும் வலி. மாலையில் என் மேஜையில் உட்காரும் பெண் பதிவு செய்திருக்கிறாள். கூப்பிடாவிட்டால் வேலை போகும். கூப்பிட்டால் மானம் போகும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். இது நான் கூப்பிடுவது அல்ல, ஆஸ்பத்திரி கூப்பிடுகிறது.

“வணக்கம். பல் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுறோம்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிஷின் சத்தம் நின்றது.

“சொல்லுங்க சார்” என்றான்.

சார்!

“நாளைக்குக் காலைல உங்களுக்கு டாக்டரம்மா பார்க்கறதா இருக்கு. வருவீங்களா?”

“வந்துடறேன் சார்.”

“பல்லை எடுக்கற மாதிரி இருந்தாலும் இருக்கும். சாப்பிட்டுட்டு வந்துடுங்க.”

“ரொம்ப நன்றிங்க சார்.”

வலி ரொம்ப இருக்கா என்று கேட்க வாயைத் திறந்தேன். வைத்துவிட்டான். அவன்தான் முதலில் வைத்தான். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். என் இனத்துக்கு எப்பேர்ப்பட்ட நேரத்திலும் இந்தக் குறிப்பெடுக்கிற வேலை மட்டும் நிற்காது.

மறுநாள் வந்தான். ஒரு கன்னம் வீங்கி, அதன்மேல் கைக்குட்டையை அமுக்கிக்கொண்டு, மூலை பெஞ்சில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். இல்லை, என் தலையைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்போது வந்த வேதனை இருக்கிறதே, அது பல்வலி அல்ல. நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவன் பல் தேய்க்கும் முறையை விளக்கும் சுவர்ப் படத்தைப் பார்த்தான். நடுத்தர வயது ஆண்கள் இரண்டு பேர் பேசாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று எங்கள் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறிக்குத்தான் தெரியும்.

அவன் முறை வந்தது. எழுந்திருக்கப் போனான். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா, விழுந்து பல் உடைந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தை வீறிட்டது. டாக்டரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டார்: “இந்தப் பாப்பாவை முதல்ல பார்த்துடறேன். அவருக்கும் வலி இருக்கே, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரே?”

நான் யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகச் சொல்லிற்று:

“அதெல்லாம் ஒண்ணும் நினைக்க மாட்டான் டாக்டர். அவன் நம்ம ஆளுதான், வெயிட் பண்ணுவான்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதுக்கே கேட்டது.

மெதுவாகத் திரும்பினேன். அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வீங்கிய கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு சிரிக்கிறான், சிரித்தால் வலிக்கிறது, வலித்தால் இன்னும் சிரிப்பு வருகிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அந்தச் சொல்லில் அவமானம் எங்கே இருந்தது? இரண்டு மாதமாகத் தேடித் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தேனே, அதே சொல் என் வாயிலிருந்து வந்தபோது ஒரு பிசிறுகூட அதில் இல்லை. காக்கவைக்க முடிந்த ஆள் உலகத்தில் நமக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? மற்றவர்களுக்கெல்லாம் ‘சார், சார்’ என்று ஓடிக்கொண்டுதானே இருக்கிறோம்?

குழந்தை வெளியே வந்ததும் அவன் உள்ளே போனான். என் மேஜையைக் கடந்து போகும்போதுதான் அவன் முதுகைப் பார்த்தேன். பிடரி முடி சட்டைக் காலரைத் தாண்டிப் புதராக வளர்ந்து கிடந்தது. முன்பக்கம் ஒழுங்கு, காதோரம் ஒழுங்கு, பின்னால் மட்டும் அப்படியே விட்டிருக்கிறான். வேறு யாரையும் கைவைக்க விடவில்லை. நான் கண்ணாடிக் கதவுக் கடையில் தலையைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன், இவன் கழுத்தை எனக்காக வைத்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. கண்ணில் தூசி என்றெல்லாம் சொல்லமாட்டேன், அழுகைதான்.

பல்லை எடுத்துவிட்டார்கள். வாய்க்குள் பஞ்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்தான். பின்னாலேயே டாக்டரம்மா: “அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருக்கணும். வாயைத் திறந்து பேசவே கூடாது, தெரியுதா?”

பார்த்தீர்களா என் விதியை? அவனே முதலில் பேசவேண்டும் என்பது என் சட்டம். அவன் பேசவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவன் என் மேஜைமுன் வந்து நின்றான். வேறு யாரிடமாவது பொறுப்பைத் தள்ளலாமா என்று சுற்றும் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

“ஏன்டா,” என்றேன். “பின்கழுத்தை இப்படியா விட்டு வைப்பே?”

அவன் விரலை நீட்டி என்னைக் காட்டினான். தன் பிடரியைக் காட்டினான். மிஷின் பிடிப்பது போலக் கையை வைத்துக் கோணலாக ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினான். அப்புறம் என் தலையைக் காட்டிவிட்டு, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

அன்று சாயங்காலம் கடைக் கதவைச் சாத்திவிட்டு என்னை நாற்காலியில் உட்காரவைத்து நாலாபுறமும் சுற்றிவந்தான். இப்போது பேசலாம். “இதைச் சரி பண்ண முடியாதுடா. மொத்தத்தையும் எடுத்தாதான் சமமாகும்” என்றான். எடுத்தான். பிறகு அவன் உட்கார்ந்தான், நான் வெட்டினேன். கைக்கண்ணாடியில் பார்த்து, “கோணல்” என்றான். அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

“தினமும் எதிர்ச்சாரியில யார்கிட்டடா போன் பேசிட்டுப் போனே?” என்றான்.

“நீ எங்கே பார்த்தே? நீ அந்தப் பக்கம் திரும்பி நின்னுதானே வெட்டிட்டிருந்தே?”

“எதிர்ல இவ்வளவு பெரிய கண்ணாடி எதுக்குடா மாட்டி வச்சிருக்கேன்?”

திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவனும் எங்கள் இனம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. ‘முதல்ல கூப்பிட்டது நீதான்’ என்று இன்றுவரை சாதிக்கிறான். அது ஆஸ்பத்திரி கூப்பிட்டது என்கிறேன் நான். சரி, முதலில் வந்தது யார்? அவன் கடைக்கு நேர் மாடியிலேயே ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவரை விட்டுவிட்டு, வீங்கின கன்னத்தோடு இரண்டு தெரு தாண்டி எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதற்கு வந்தானாம்? கேட்டால், “மாடிப்படி ஏற முடியலை” என்கிறான். இதை என் மனைவியிடம் சொன்னேன். “ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் இந்த இனம் இல்லை. தெரியும். உங்களுக்குக் கௌரவமெல்லாம் கிடையாது, தோன்றிய உடனே கூப்பிட்டுவிடுவீர்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் ஒரு முகம் வந்துபோயிற்றே, கொஞ்சம் எரிச்சலாக, சட்டென்று பக்கத்தைத் திருப்பினீர்களே, அது யாருடையது? உங்கள்மேல் தப்பே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அவரே முதலில் பேசட்டும். தாராளமாகக் காத்திருங்கள், என் நண்பனுக்கு வந்த மாதிரி அவருக்கும் ஒரு நாள் பல்வலி வராமலா போகும்?

ஒரே ஒரு சந்தேகம். அவருக்குப் பல்லெல்லாம் கெட்டியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?